ஒரு பொருளுக்கு ஒரே சொல்: டவரில் சொற்களையும் சுருக்கங்களையும் ஒழுங்குபடுத்துவது எப்படி

விமான நிலையத்தின் டவரில், அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், கட்டுப்பாட்டாளராக இருந்த நான் பதிவேட்டில் எழுதியது சி.எல்.எஸ்.டி. என்ற நான்கு எழுத்துகள். டாக்ஸிவே (ரன்வேக்கும் நிற்கும் இடத்துக்கும் இடையே விமானங்கள் ஊர்ந்துபோகும் பாதை) பிராவோ மூடியிருக்கிறது என்று அர்த்தம்; ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தை வானொலியில் பிராவோ என்றுதான் சொல்வோம். கார்த்திகை மழை விட்ட வாரம் அது. புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, டிராக்டர் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் ஷிஃப்ட் மாறி வந்த சீனியர் அதை சி.எல்.ஆர்.டி. என்று படித்துவிட்டார். அவசரமாக எழுதும்போது என் கையெழுத்தில் ஆங்கில எஸ்ஸுக்கும் ஆருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. முதலாவது 'மூடப்பட்டது'. இரண்டாவதை எங்கள் இடத்தில் 'வேலை முடிந்து காலியாகிவிட்டது' என்ற பொருளில் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு ஏ.டி.ஆர். விமானத்தை பிராவோ வழியாகவே அனுப்பினார். பைலட் டிராக்டரைப் பார்த்து, நிறுத்தி, "பிராவோவில் வண்டி நிற்கிறதே?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிராக்டரில் இருந்தவர் விமானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அது ஒரு சிறிய விமான நிலையம். நான் வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம். அதன்பிறகு நான் வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொல் நோட்டு வைத்திருந்தேன். பிற்பாடு யூனிட்டின் உள்ளூர் நடைமுறைக் குறிப்புகளை எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. புதிதாக டவரிலோ, இறங்க வரும் விமானங்களை வழிநடத்தும் அப்ரோச் பிரிவிலோ உட்காரும் தம்பி தங்கைகளுக்கும், "நீங்களே இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க" என்று நடைமுறைக் குறிப்பு தலையில் வந்து விழுந்தவர்களுக்கும், நான் செய்து பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம் எதையும் திருத்தாதீர்கள், கேளுங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு, உங்கள் யூனிட்டின் ஒலிப்பதிவுகளில் தினமும் அரை மணி நேரம் கேளுங்கள். பதிவுகளைக் குறைந்தது 30 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, அதனால் கேட்பதற்குப் பஞ்சம் இருக்காது. உங்கள் குரலையும் கேளுங்கள். பிறர் பேசும்போது மட்டும் பிழை பிடித்தால் இந்த வேலை நகராது.

இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருக்கின்றனவா என்பது முதலாவது. எங்கள் இடத்தில் ரன்வேயைச் சுற்றிப் பார்த்து வருவதற்கு இன்ஸ்பெக்‌ஷன், செக், ரவுண்ட், ஜீப் ரவுண்ட் என்று நான்கு பெயர்கள் புழங்கின. விமானம் நிற்கும் இடம் ஒருவருக்கு பே, இன்னொருவருக்கு ஸ்டாண்ட், மூன்றாமவருக்கு பார்க்கிங். இவை குழப்பத்தை உண்டாக்கும், நேரத்தைத் தின்னும். பெரும்பாலும் அதோடு சரி.

இரண்டாவது வகைதான் ஆளைக் கொல்லும். ஒரே சொல், பல பொருள். எங்கள் பதிவில் அதிகம் சிக்கியது 'கிளியர்'. பைலட்டுக்கு நாம் தரும் அனுமதியும் கிளியர்தான். ரன்வேயில் தடை எதுவும் இல்லை என்றாலும் கிளியர். ஜீப் ரன்வேயை விட்டு வெளியே வந்துவிட்டது என்றாலும் கிளியர். வானம் தெளிந்தாலும் கிளியர்! ஒரு நாள் பதிவில் இப்படி ஒரு உரையாடல்: "கிளியர் ஆயிடுச்சாண்ணே?" "கிளியர் மேடம்." டிரைவர் அண்ணன் சொன்னது, ரன்வே மேல் கல், பறவை எதுவும் இல்லை என்று. கேட்டவர் புரிந்துகொண்டது, ஜீப் வெளியே வந்துவிட்டது என்று. ஜீப் அப்போது ரன்வேயின் கடைசி முனையில் இருந்தது.

நாங்கள் செய்த மாற்றம் இதுதான். 'கிளியர்ட்' என்ற சொல் நம் வாயிலிருந்து அனுமதியாக மட்டுமே வரும். ரன்வேயை விட்டு வெளியேறியதற்கு 'ரன்வே வெக்கேட்டட்'. இது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல, நிலையான சொல்லே அதுதான், பயன்படுத்தாமல் இருந்தோம். தடை இல்லை என்பதை டிரைவர்கள் தமிழிலேயே சொல்லட்டும் என்று விட்டோம்: "ரன்வேல ஒண்ணும் இல்ல, இன்னும் உள்ளேதான் இருக்கேன்." அந்த இரண்டாவது பாதியைக் கட்டாயமாக்கினோம்.

புத்தகத்தில் இருக்கும் சொல்லுக்கு மாற்று தேடாதீர்கள்

வானொலியில் பேசும் சொற்களுக்கு ஐகாவோ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின், டாக் 4444-ம் டாக் 9432-ம் இருக்கின்றன. சுருக்கங்களுக்கு டாக் 8400. நோட்டில் சேர்ந்த ஒவ்வொரு சொல்லையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சொல் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு உங்கள் சொல்லை அடித்துவிடுங்கள். "எங்க ஊர்ல இப்படித்தான் சொல்வோம், எல்லாருக்கும் புரியும்" என்று யாராவது சொல்வார்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். முதல் தடவை வந்து இறங்கும் வெளிநாட்டு பைலட்டுக்குப் புரியாது.

அந்தப் புத்தகங்களில் உள்ள பல வரிகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லாமல் வரிகளை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பது எனக்கு என்றைக்கும் உடன்பாடில்லை. 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. மூடுபனி. கே.எல்.எம். 747 ரன்வே முனையில் நிற்கிறது. பான் ஆம் 747 அதே ரன்வேயில் டாக்ஸி செய்து வந்துகொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டாளர் கே.எல்.எம்.முக்குத் தந்தது, கிளம்பிய பிறகு எந்த வழியில் போகவேண்டும் என்ற பாதை அனுமதி மட்டும். ஆனால் அதற்குள் 'டேக் ஆஃப்புக்குப் பிறகு வலது பக்கம் திரும்பவும்' என்று அந்தச் சொல் வந்துவிட்டது. கே.எல்.எம். துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, "வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்" என்று முடித்தார். டேக் ஆஃப் இடத்தில் நிற்கிறோம் என்றும் கொள்ளலாம், கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். டவரிலிருந்து வந்த பதில் "ஓகே". கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஸ்டாண்ட் பை ஃபார் டேக் ஆஃப், ஐ வில் கால் யூ." அதே நொடியில் பான் ஆம், தாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று பேச, இரண்டு பேச்சும் மோதி கே.எல்.எம். அறைக்குள் கீச்சொலியே அதிகம் கேட்டது. 583 பேர் இறந்தார்கள்.

இதன் பிறகுதான் அந்த விதி இறுகியது: டேக் ஆஃப் என்ற சொல் கிளம்ப அனுமதி தரும்போதும், அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும். மற்ற எல்லா இடத்திலும் 'டிப்பார்ச்சர்'. உங்கள் யூனிட்டில் "டேக் ஆஃபுக்கு ரெடியா?" என்று யாராவது கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்டால், ஷிஃப்ட் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாக, ஆனால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "ரெடி ஃபார் டிப்பார்ச்சர்" என்பதுதான் சொல்.

'ஓகே'யையும் வேலை நேரத்தில் விட்டுவிடுங்கள். கேட்டேன், சம்மதம், சரியாகச் சொன்னீர்கள், செய்யலாம் என்று நான்கு பொருளும் அதில் ஒளிந்திருக்கின்றன. 'ரோஜர்' என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் கிடைத்தது, அவ்வளவுதான். ஆமாவா இல்லையா என்ற கேள்விக்கு ரோஜர் பதில் ஆகாது. 'அஃபர்மேட்டிவ்' வேண்டாம், 'அஃபர்ம்' போதும். பொத்தானை அழுத்தத் தாமதமாகி முதல் பாதி வெட்டுப்பட்டால் மிஞ்சுவது 'டிவ்', 'நெகட்டிவ்' சொன்னாலும் மிஞ்சுவது அதே 'டிவ்'.

எண்களுக்குத் தனிப் பக்கம்

என் நோட்டில் எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் உண்டு. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங் நோக்கி வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம், ஒரு 747. அதற்கு 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல, "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார்கள். முதல் 'டூ' இரண்டு என்ற எண். விமானத்தில் இருந்தவர்கள் அதை 'வரைக்கும்' என்ற பொருளில் வரும் ஆங்கில 'டு'வாக எடுத்துக்கொண்டு, "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார்கள். 400 அடி. 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். அந்தத் தவறான ரீட்பேக் (விமானி திருப்பிச் சொல்வது) யார் காதிலும் உறுத்தவில்லை.

அதனால் உயரத்தைச் சொல்லும்போது ஆயிரம், நூறு என்ற சொற்களோடு சொல்லுங்கள், 'ஃபீட்' என்று முடியுங்கள். "டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்." ஃபிளைட் லெவல் (மிக உயரத்தில் நூறடிக் கணக்கில் சொல்லும் உயரம்) என்றால் 'ஃபிளைட் லெவல்' என்ற சொற்களை விழுங்காதீர்கள். திசைக்கு எப்போதும் மூன்று இலக்கம், முன்னால் வரும் பூஜ்யமும் சேர்த்து. காற்றழுத்த அளவு ஆயிரத்துக்குக் கீழே போனால், 'ஹெக்டோபாஸ்கல்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உச்சரிப்பில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மூன்றுக்கு 'ட்ரீ', ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்' என்று புத்தகம் சொல்வதைப் புதிதாக வருபவர்கள் கூச்சத்தால் தவிர்க்கிறார்கள். நல்ல ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாகக் கேட்கும் என்பதால்தான் 'நைனர்' என்று நீட்டுகிறோம். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பத்து நாள் சொல்லிப் பாருங்கள், நாக்கு பழகிவிடும்.

சுருக்கங்கள்: நம் எழுத்தே நம்மை ஏமாற்றும் இடம்

விதி எளிது. டாக் 8400-இல் உள்ள சுருக்கத்தை மட்டும் எழுதுங்கள். அதில் இல்லாததற்கு முழுச் சொல்லை எழுதுங்கள். உள்ளூர்ச் சுருக்கம் வேண்டியே ஆகவேண்டும் என்றால் விளக்கத்தோடு நடைமுறைக் குறிப்பின் முதல் பக்கத்தில் போடுங்கள், அங்கே இல்லாத சுருக்கத்தைப் பதிவேட்டில் யாரும் எழுதக்கூடாது.

ஆனால் அந்தப் புத்தகமே முழுப் பாதுகாப்பு தராது. ஆர்.ஏ. என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை அறிக்கையில் அது மழை. டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவியின் பேச்சில் அது 'ரெசல்யூஷன் அட்வைசரி', உடனே ஏறு அல்லது இறங்கு என்று கருவி விமானிக்கு இடும் உத்தரவு. விமானி அறையில் பலர், தரையிலிருந்து உள்ள உயரத்தைக் காட்டும் ரேடியோ ஆல்டிமீட்டரையும் அப்படித்தான் சொல்வார்கள். ஐப்பசி மாதத்து ஷிஃப்ட் பதிவேட்டில் "அப்ரோச்சில் ஆர்.ஏ., பைலட் தெரிவித்தார்" என்று ஒரு வரி இருந்தால், மறுநாள் படிப்பவர் அது மழை என்று தாண்டிப் போய்விடலாம். எங்கள் யூனிட்டில் ஆர்.ஏ. வானிலைக்கு மட்டும். கருவி உத்தரவை 'டீகாஸ் ஆர்.ஏ.' என்று முழுதாக எழுதவேண்டும், சிவப்பு மையில்.

மூடியதையும் திறந்ததையும் கையால் எழுதும்போது சுருக்கவே கூடாது என்றும் முடிவு செய்தோம். கணினியில் அச்சாகும் நோட்டாமில் (விமானிகளுக்கான அறிவிப்பில்) சி.எல்.எஸ்.டி. இருக்கட்டும். பதிவேட்டில் 'குளோஸ்ட்' என்று முழுச் சொல், பக்கத்தில் நேரம், கையொப்பம்.

ஒற்றை எழுத்துச் சுருக்கம் என்றால் எனக்கு காலி நகர விபத்து நினைவுக்கு வரும். 1995 டிசம்பர் 20, மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலிக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757. வரைபடத்தில் ரோஸோ என்ற வழிகாட்டி நிலையத்தின் அடையாளம் ஆர். கணினியில் ஆர் என்று தட்டினால் வந்ததோ பொகோட்டா அருகே இருந்த ரோமியோ. விமானம் இடதுபக்கம் மலைகளை நோக்கித் திரும்பியது. 159 பேர் இறந்தார்கள். காகிதத்தில் ஒரு பெயர், கருவியில் இன்னொரு பெயர். உங்கள் டாக்ஸிவே பெயர்ப்பலகை, வரைபடம், ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விமானத்துக்கும் நாம் வைக்கும் குறிப்புச் சீட்டு), டிரைவர் கையில் உள்ள தாள், நான்கிலும் ஒரே பெயர்தானா என்று ஒரு நாள் நடந்தே போய்ப் பாருங்கள்.

டிரைவர் கையில் உள்ள தாள் என்றேனே, அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். பின்னாளில் ஒரு பெரிய நிலையத்தில் வேலை பார்த்தபோது, ஏப்ரன் (விமானங்கள் நிறுத்தும் தளம்) பக்கம் ஓடும் வண்டி ஓட்டுநர்களில் பலர் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவார்கள். ஒரு நாள் "அண்ணே, நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தேன். 'பி வழி போகக் கூடாது, டி வழி போகணும்' என்று இருந்தது. தமிழில் 'பி' என்றால் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா? 'டி' நான்காவதா, இருபதாவதா? அந்த நிலையத்தில் இந்த நான்கு எழுத்துகளிலும் டாக்ஸிவே உண்டு. எழுதியவருக்குத் தெரியும். அவரிடம் நோட்டை வாங்கி மதிய வண்டியை எடுக்கப்போகும் தம்பிக்குத் தெரியாது. "எப்படிண்ணே தெரிஞ்சுக்குவாங்க?" என்றேன். "கேட்டுக்குவாங்க மேடம்" என்றார். கேட்க நேரமில்லாத நாள் ஒன்று வரும்.

அவர் எழுதியதில் தப்பே இல்லை, நம் எழுத்தின் இயல்பு அப்படி. அதனால் அவரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லாமல், தமிழிலேயே முழுப்பெயராக எழுதச் சொன்னோம்: பிராவோ, பாப்பா, டெல்டா, டேங்கோ. இந்தப் பெயர்களை ஒரு அட்டையில் பெரிய தமிழ் எழுத்தில் அச்சடித்து, பக்கத்திலேயே ஆங்கில எழுத்தையும் போட்டு, ஒவ்வொரு வண்டியின் ஸ்டியரிங் அருகில் ஒட்டினோம். ஒரு மாதத்துக்குள் ஓட்டுநர்கள் வானொலியிலும் 'பி' என்பதை விட்டு 'பிராவோ' என்று சொல்லத் தொடங்கினார்கள். நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையைத்தான் செய்யமுடியும் என்றால், இந்த அட்டையைச் செய்யுங்கள்.

ஆபத்தைச் சொல்லும் சொற்கள்

1990 ஜனவரி 25 இரவு, நியூயார்க்குக்கு வரும் வழியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் காக்கவைக்கப்பட்ட அவியாங்கா 52 விமானத்தின் குழுவினர் எரிபொருள் தீர்கிறது என்றார்கள், 'பிரையாரிட்டி' வேண்டும் என்றார்கள். 'எமர்ஜென்சி' என்றோ, வானொலியில் அவசரநிலையை அறிவிக்கும் 'மேடே' என்றோ சொல்லவில்லை. 'பிரையாரிட்டி'க்குக் கட்டுப்பாட்டாளரின் கையைக் கட்டிப்போடும் வரையறை எதுவும் இல்லை. அந்த விமானம் லாங் ஐலண்டில் விழுந்து 73 பேர் இறந்தார்கள். இன்றைக்கு இதற்கு இரண்டு தெளிவான சொற்கள் இருக்கின்றன. 'மினிமம் ஃபியூவல்' என்றால் இன்னும் அவசரநிலை இல்லை, ஆனால் மேலும் தாமதம் வந்தால் ஆகிவிடலாம். 'மேடே ஃபியூவல்' என்றால் அவசரநிலைதான்.

இரண்டையும் ஸ்ட்ரிப்பில் எப்படிக் குறிப்பது, யாருக்கு உடனே சொல்வது என்று உங்கள் குறிப்பில் தனித்தனியாக எழுதுங்கள். பைலட் இவை இரண்டையும் சொல்லாமல் "ஃபியூவல் கொஞ்சம் டைட்" என்பது போல ஏதாவது சொன்னால், யூகிக்காதீர்கள். "அவசரநிலையை அறிவிக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

அறிக்கை எழுதும்போது

இது சுருக்கமாக. 'ரன்வே இன்கர்ஷன்' என்பதற்கு ஐகாவோ வரையறை உண்டு: விமானம், வண்டி, மனிதர் எதுவானாலும், ரன்வேயின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் தவறாக இருந்தால் அது இன்கர்ஷன். பக்கத்தில் வேறு விமானம் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அமெரிக்காவில் 2007 அக்டோபரில் இந்த வரையறைக்கு மாறியபோது, அதுவரை வேறு பெயரில் போன நிகழ்வுகளும் இதற்குள் வந்து எண்ணிக்கை கூடியது. களத்தில் எதுவும் அன்றைக்குப் புதிதாக மோசமாகிவிடவில்லை. உங்கள் அறிக்கைகளில் 'அனுமதியின்றி நுழைவு', 'சிறு தவறு', 'வண்டிப் பிரச்சினை' என்று மூன்று பெயரில் எழுதினால், ஒரே இடத்தில் மூன்று தடவை நடந்தது யார் கண்ணிலும் படாது. வரையறைக்குள் வந்தால் அந்தப் பெயரைப் போடுங்கள். மேலிடத்துக்குப் பிடிக்காது என்று மென்மையான சொல் தேடாதீர்கள்.

பட்டியலை உயிரோடு வைப்பது

சரி, பட்டியல் தயார். ஒரே பக்கத்துக்குள் அடக்குங்கள், நாற்பது பக்கம் போனால் அலமாரிக்குப் போய்விடும். தேதி போடுங்கள். பழைய பிரதிகளைச் சுவரிலிருந்து நீங்களே கிழித்தெடுங்கள், இரண்டு பதிப்பு ஒரே நேரத்தில் தொங்குவது பட்டியலே இல்லாததைவிட மோசம்.

அப்புறம், நிலையான சொல்லையும் அவ்வப்போது மறுபடி காதில் போட்டுப் பாருங்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹானேதாவில் கடலோரக் காவல்படை விமானத்துக்கு, கிளம்பும் வரிசையில் 'நம்பர் ஒன்' என்றும், ஹோல்டிங் பாயிண்ட் (ரன்வேக்கு வெளியே நிற்கவேண்டிய இடம்) வரை வரும்படியும் சொன்னார்கள். அது ரன்வேக்குள்ளேயே போய் நின்றது, இறங்கிவந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினார்கள், சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன்பின் சில மாதங்களுக்கு ஜப்பானில் அந்த வரிசை எண்ணைச் சொல்வதையே நிறுத்திவைத்தார்கள்.

நாங்கள் மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும்போது இருபது நிமிடம் உட்காருவோம். டவரிலிருந்து இருவர், அப்ரோச்சிலிருந்து ஒருவர், தீயணைப்பிலிருந்து ஒருவர், ஓட்டுநர்களில் ஒருவர் கட்டாயம். அந்த மாதம் யாராவது "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டிவந்த சொற்களை மட்டும் எடுத்துப் பேசுவோம். ஓட்டுநரை முதலில் பேசவிடுங்கள். அதிகாரிகள் பேசி முடித்த பிறகு கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.